டாக்டர் மேரி இரத்தினம் அம்மையார்

2018ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 10ஆந் திகதி நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றது. ஆசிரியத் தொழில் பார்ப்பவர்க்குத் தேர்தற் கடமை தப்பாது வரும், எனக்கும் வந்தது. கல்முனைப் பக்கத்துப் பாடசாலையொன்றிற் காலை ஏழு மணி தொட்டு மாலை நான்கு மணிவரை அமர்ந்து, வாக்காளர் இடாப்பிலே பெயர் பார்த்துக் கோடிட்டுக் கொடுப்பது என் வேலை. பெண்கள் வரிசை ஆண்கள் வரிசையினும் நீண்டிருந்தது. இடுப்பிற் குழந்தையோடு வந்தவரும், பேத்தியின் தோளைப் பற்றிக்கொண்டு வந்தவரும், வயல் வேலையை இடையில் விட்டுவந்தவருமாக அவர்கள் வந்துகொண்டேயிருந்தனர். சிலர் வாக்களித்துத் திரும்பும்போது தம் விரலிற் பூசிய மையைத் தாமே ஒருமுறை பார்த்துக்கொண்டனர்.

மறுநாட் காலையிலே சாகாமக் குளக்கட்டால் நடந்து வரும்போது எங்களூர் ஆச்சியொருவர் எதிர்ப்பட்டார். எண்பது வயதைத் தொட்டவர். என்னைத் தம்பி என்றே அழைப்பார். பண்டிதர் என்னும் பட்டம் அவருக்கு ஒரு பொருட்டன்று. தம் இடக்கைச் சுண்டுவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார். 1960ஆம் ஆண்டு முதல் தாம் வாக்களித்து வருவதாகவும், போர்க்காலத்தில் ஊரைவிட்டு அலைந்த காலம் தவிர ஒரு தேர்தலையும் விட்டதில்லை என்றும் சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். பெண்களுக்கும் இது வேண்டும் என்று முதன்முதலிற் போய்க் கேட்டவர் யார் என்பது அக்கேள்வி.

டொனமூர்ப் பிரபு வந்து தந்தார் என்றேன் யான். தந்தவரைத் தாம் கேட்கவில்லை, கேட்டவரையே கேட்டதாக ஆச்சி என்னைத் திருத்தினார். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும், அழுதது யார்? கீழைத்தேயக் கல்லூரியிற் கற்றுப் பண்டிதர் தேர்விலும் தேறியவன் யான். ஒளவையார் தொடங்கிக் காக்கைபாடினியார் வரை சங்ககாலத்துப் பெண்பாற் புலவர் பெயர்களை மூச்சு விடாமற் சொல்லுவேன். என் ஊர்ப் பெண்கள் கையிலுள்ள வாக்குக்கு வழிசெய்த ஒரு பெண்ணின் பெயர் எனக்கு வாயில் வரவில்லை. அந்த வெட்கத்தினாலேதான் பழைய நூல்களைப் புரட்டத் தொடங்கினேன்.

கேட்டவர் ஒருவரல்லர், பலர். அவருள்ளே டாக்டர் மேரி இரத்தினம் அம்மையாரை யான் தேர்ந்தெடுத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாடாளும் சபைக்கு வாக்குக் கேட்டவர்கள் இன்னும் இருந்தார்கள். தெருவையும் வடிகாலையும் கிணற்றையும் ஆளுகின்ற ஊர்ச்சபை வாயிலிலே போய் நின்று உள்ளே புகுந்து காட்டியவர் இவர். அவர் பெயரை ரட்ணம் என்று எழுதுவாரும் உளர். ரகரம் மொழிக்கு முதலாகாமையின் யான் இரத்தினம் என்றே எழுதுகின்றேன். பண்டிதப் பிடிவாதம் என்று கொள்வார் கொள்க.

அம்மையார் பிறந்தது தமிழ்நிலத்திலன்று. கனடா தேசத்து ஒன்ராறியோ மாகாணத்திலே, எலோரா என்னும் சிற்றூரில், 1873ஆம் ஆண்டிலே பிறந்தார். பெற்றோர் வழிவந்த பெயர் மேரி இர்வின். அவர் பதினொரு வயதுச் சிறுமியாயிருந்தபோது, 1884ஆம் ஆண்டிலே, அம்மாகாணத்தில் ஒரு சட்டத்திருத்தம் வந்தது. சொத்துடைய பெண்கள் நகரசபை, ஊர்ச்சபைத் தேர்தல்களில் வாக்களிக்கலாம் என்று அது கூறிற்று. ஆனால் அவர்கள் மணமாகாதவராகவோ கணவனை இழந்தவராகவோ இருத்தல் வேண்டும். கணவனோடு வாழும் பெண்ணுக்கு அவ்வுரிமை இல்லை. அவளுக்காகவும் சேர்த்துக் கணவனே வாக்களிக்கின்றான் என்பது அக்காலத்து நியாயம். எங்களூர் வழக்கிற் சொல்வதாயின், தாலி ஏறும்போது வாக்கு இறங்கிவிடும்.

இது ஒன்ராறியோவுக்கு மட்டும் உரிய விநோதமன்று. சுவீடனில் 1862ஆம் ஆண்டிலும் இங்கிலாந்தில் 1869ஆம் ஆண்டிலும் இவ்வாறே தனித்து வாழ்ந்து வரியிறுக்கும் பெண்களுக்கு ஊர்ச்சபை வாக்குக் கிடைத்தது. பாராளுமன்ற வாக்கோ அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தே வந்தது. பெருங்கதவு திறப்பதற்கு முன்னே சிறுகதவு திறந்தது என்று இதனைப் பார்க்கலாம். வேறொரு விதமாகவும் பார்க்கலாம். ஊராட்சி வாக்கு வரியோடு பிணைந்தது. வரி வாங்கும்போது ஆணென்றும் பெண்ணென்றும் பாராத சபை, வாக்குக் கேட்கும்போது மட்டும் பார்ப்பது எங்ஙனம்? விடை சொல்ல இயலாத இந்தக் கேள்வியே ஆங்காங்கே முதற் பூட்டை உடைத்தது.

மேரி ரொறன்ரோ நகரிலே மருத்துவம் பயின்றார். பெண்கள் மருத்துவம் படிப்பதே வழக்கத்துக்கு மாறாயிருந்த காலம் அது. அந்நகரிலே பெண்களுக்கு மருத்துவக் கல்வி வேண்டும் என்று போராடிய எமிலி ஸ்ரோ என்னும் பெண் மருத்துவரே பெண்களுக்கு வாக்கு வேண்டும் என்ற இயக்கத்தையும் முன்னின்று நடத்தினார். மருந்தும் வாக்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக வளர்ந்த அந்தச் சூழலிலே படித்த மாணவி, பின்னொரு நாள் கொழும்பிலே இவ்விரண்டையும் பிரித்துப் பாராதது வியப்பன்று.

படிப்பு முடிந்ததும் அமெரிக்க மிஷன் ஒன்று அவரை யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு மருத்துவம் செய்யத் தேர்ந்தெடுத்தது. ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்ட மறுத்துப் பிள்ளைப் பேற்றிலே மாண்டுபோன பெண்கள் நம் நாட்டில் எத்தனையோ பேர். அவர்களுக்காக ஒரு பெண் மருத்துவர் கடல் கடந்து வருவது பெரும் பேறு. 1896ஆம் ஆண்டிலே அவர் புறப்பட்டார். வழியிலே, நியூயோர்க் நகரில், ஒரு திருமணம் நிகழ்ந்தது. மணமகன் அமெரிக்காவிற் கற்றுக்கொண்டிருந்த யாழ்ப்பாணத் தமிழர். சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரத்தினம் என்பது பெயர். கிறித்தவர், கல்விமான். சமயத்தாலும் படிப்பாலும் இருவருக்கும் இடையில் வேற்றுமை ஒன்றுமில்லை. ஆயினும் தமிழர் ஒருவரை மணந்த வெள்ளைக்காரப் பெண்ணைத் தன் ஊழியராக ஏற்றுக்கொள்ள அம்மிஷன் உடன்படவில்லை. தமிழருக்குத் தொண்டு செய்யலாம், தமிழரை மணக்கலாகாது. வேதம் ஓதியவர்களின் நெஞ்சிலே நிறம் எவ்வளவு ஆழப் பதிந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இருபத்து மூன்று வயது. பிறந்த தேசம் பல்லாயிரம் மைலுக்கு அப்பால். நம்பி வந்த பணி கையிலில்லை. இந்த இடத்திலே திரும்பிப் போயிருந்தால் அவரை எவரும் குறை சொல்லியிரார். அவர் திரும்பவில்லை. கொழும்பை அடைந்து, லேடி ஹவ்லொக் பெண்கள் மருத்துவமனையிலே சிலகாலம் பணி செய்து, பின்னர்த் தாமே தனியாக மருத்துவத்தொழிலை நடத்தத் தொடங்கினார். பெண்களின் நோய்க்கும் பிள்ளைப்பேற்றுக்கும் அவரைத் தேடிவந்தோர் எல்லாச் சாதியிலும் எல்லாச் சமயத்திலும் இருந்தனர். ஏறக்குறைய அரைநூற்றாண்டு அத்தொழில் நீண்டது.

மருத்துவர் ஒரு வீட்டின் உள்ளறைவரை போகின்றவர். மாடிவீட்டு உள்ளறையையும் கண்டார், சேரிக் குடிசையின் ஒற்றையறையையும் கண்டார். இரண்டிலும் இளவயதிலே தாயாகி உடல் நலிந்த பெண்களைக் கண்டார். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கலாம். காய்ச்சலைத் தருகின்ற தேங்கிய வடிகாலுக்கு எந்தக் குப்பியிலே மருந்து? அதைத் தீர்க்கும் அதிகாரம் நகரசபையிடம் இருந்தது. அச்சபையிலே பெண்ணின் குரல் இல்லை. அம்மையாரின் பொதுவாழ்வு இங்கேதான் முளைகொண்டது என்பது என் துணிபு. 1904ஆம் ஆண்டிலே இலங்கை மகளிர் சங்கத்தைத் தோற்றுவிப்பதிலும், 1909ஆம் ஆண்டிலே தமிழ்மகளிர் சங்கத்தைத் தோற்றுவிப்பதிலும் முன்னின்றார். பின்னையது இன்றுங் கொழும்பிலே நிலைத்து நிற்கின்றது. அதன் கலாலயத்திலே இசையும் நடனமும் கற்றோர் பலர். தமிழரை மணந்தமைக்காக விலக்கப்பட்ட பெண், தமிழ்ப்பெண்களுக்கென்றே ஒரு சங்கம் அமையக் கைகொடுத்தார். இதனைப் பழிவாங்கல் என்று சொல்வதாயின், இதைக் காட்டிலும் இனிய பழிவாங்கல் ஒன்றை யான் அறியேன்.

அக்காலத்தில் இலங்கையில் எவர் எவருக்கு வாக்கு இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1924ஆம் ஆண்டின் அரசியலமைப்பின்படி குடிசனத்தில் நூற்றுக்கு நான்கு பேரளவினரே வாக்காளர். சொத்தும் வருமானமும் எழுத்தறிவும் உள்ள ஆடவர் அவர்கள். பெண்கள் ஒருவரும் இல்லை. அயலிலே சென்னை மாகாணத்திலோ 1921ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கு வரையறுத்த அளவிலே சட்டசபை வாக்குக் கிடைத்துவிட்டது. 1927ஆம் ஆண்டிலே முத்துலட்சுமி அம்மையார் சென்னைச் சட்டசபையிலே அமர்ந்தார். அவரும் மருத்துவர் என்பதை வாசகர் கவனிக்க.

அந்த 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலேதான் டொனமூர் ஆணைக்குழுவினர் கொழும்பிலே வந்திறங்கினர். அரசியலமைப்பை எப்படித் திருத்தலாம் என்று ஊராரைக் கேட்டறிவது அவர்கள் வேலை. அடுத்த மாதமே பெண்கள் சிலர் கூடிப் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தை அமைத்தனர். கண்டி வழக்கறிஞர் ஜோர்ஜ் டி சில்வாவின் மனைவியார் அக்னஸ் டி சில்வா அதன் செயலாளர். சிங்களவர், தமிழர், பறங்கியர் என்ற பேதமின்றிச் சேர்ந்த அச்சங்கத்தின் முன்வரிசையிலே மேரி இரத்தினம் அம்மையாரும் இருந்தார்.

ஆணைக்குழுவின் முன்னே அவர்கள் போனபோது நிகழ்ந்த ஒன்றை அக்னஸ் அம்மையார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கின்றார். தேயிலைத் தோட்டங்களிலே கூலிவேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்கின்றீர்களா என்று டொனமூர்ப் பிரபு வினவினாராம். ஆம், அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று அவர் தயங்காமல் விடையிறுத்தாராம். அக்கேள்வியின் பின்னே இருந்த வலையை எண்ணிப் பாருங்கள். தோட்டத் தொழிலாளருக்கு வாக்குக் கொடுப்பதை அந்நாட் பெருந்தலைவர்களிற் பலர் விரும்பவில்லை. அந்த ஒரு விடையினாலே தங்கள் கோரிக்கைக்கே கெடுதி வரலாம் என்பது தெரிந்தும் ஒரு பெண் அவ்வாறு கூறினார்.

இனி ஒரு கசப்பான செய்தியையும் மறைக்காமல் எழுத வேண்டும். பெண்களுக்கும் ஏழைகளுக்கும் வாக்குக் கொடுப்பதை வன்மையாக எதிர்த்தவர்களுள் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களும் ஒருவர். தமிழுக்கும் சைவத்துக்கும் அவர் செய்த பணியை நினைத்துத் தலைவணங்கும் மரபிலே படித்தவன் யான். பெண்களுக்கென்று 1913ஆம் ஆண்டிலே மருதனார்மடத்திற் கல்லூரி அமைத்தவர் அவர். அவருடைய இல்லத்தரசியாரும் கடல் கடந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து, வந்த பெண்மணியே. பெண்ணைக் கல்லூரிக்கு அழைத்த அவர் வாக்களிப்பு நிலையத்துக்கு மட்டும் அழைக்க மறுத்தது ஏன்? குடும்பத்தின் அமைதி குலையும், மரபு சிதையும் என்று அவர் மெய்யாகவே அஞ்சினார் போலும். பெரியோர் என்பதற்காக அவர் கொள்கை இதிற் சரியென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. தவறென்று எழுதும்போதோ கை சற்று நடுங்குகின்றது. இரண்டையும் வாசகர் முன் வைக்கின்றேன். அவர் ஒருவர்மேல் மட்டும் பழியைப் போடுவதும் நீதியன்று. தேசிய காங்கிரஸ் தலைவர்கள்கூட எல்லார்க்கும் வாக்கு வேண்டும் என்று கேட்கவில்லை. அதைக் கேட்டவர் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்க அவர்கள்.

1928ஆம் ஆண்டிலே ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. ஆடவர்க்கு இருபத்தொரு வயதிலும் பெண்களுக்கு முப்பது வயதிலும் வாக்கு என்று அது விதந்துரைத்தது. பெண்ணுக்கு அறிவு முதிர ஒன்பது ஆண்டு மேலதிகமாக வேண்டும் என்று எண்ணினர் போலும். எங்களூரிலே பதினைந்து வயதிற் குடும்பம் சுமந்த பெண்களை அவர்கள் கண்டதில்லை. நல்ல காலமாக அவ்வேறுபாடு நீக்கப்பட்டு இருபாலார்க்கும் இருபத்தொன்றே வயதென்று முடிவாயிற்று. 1931ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே அரசாங்க சபைக்கு முதற்றேர்தல் நிகழ்ந்தது. ஆசியாக் கண்டத்தில், குடியேற்ற ஆட்சியின்கீழ் இருந்த நாடொன்றிலே, சர்வசன வாக்குரிமை முதன்முதல் நடைமுறைக்கு வந்தது இவ்வாறு.

தமிழர்க்கு இதிலும் ஒரு குறை நேர்ந்தது. முழுச் சுயராச்சியம் கிடைக்கவில்லை என்று வடபகுதியிலே வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தமையால், அங்கே நான்கு தொகுதிகளுக்கு எவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. 1934ஆம் ஆண்டுவரை அவ்விடங்கள் வெறுமையாய்க் கிடந்தன. கொள்கை உயர்ந்ததுதான், ஆனால் அப்பொழுதுதான் கையிற் கிடைத்த வாக்கைப் பயன்படுத்தாமற் காத்திருக்குமாறு நேர்ந்த வடபகுதிப் பெண்களை எவரும் கலந்து கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் பகுதி அந்நாளிலே மட்டக்களப்புத் தெற்குத் தொகுதியைச் சேர்ந்தது. அதன் பிரதிநிதியாகச் சென்ற மாக்கான் மாக்கார் அவர்கள் அரசாங்க சபையிலே மந்திரியும் ஆனார்.

வாக்குக் கிடைத்த மகிழ்ச்சியிலே மற்றவர்கள் இருக்க, மேரி இரத்தினம் அம்மையாருக்கு வேறொரு கவலை பிறந்திருந்தது. வாக்கு கிராமத்துப் பெண்ணிடம் போய்விடும். அவள் அதைக்கொண்டு என்ன கேட்பாள்? கணவன் சொன்ன இடத்திலோ கங்காணி சொன்ன இடத்திலோ புள்ளடியிட்டு வருவதானால் அது அவள் வாக்காகுமா? பிறந்த ஒன்ராறியோவிலே இதற்கு ஒரு விடையை அவர் கண்டிருந்தார். 1897ஆம் ஆண்டிலே ஸ்ரோனி கிறீக் என்னும் ஊரிற் குடியானவப் பெண்கள் கூடித் தொடங்கிய மாதர் மன்றம் அது. பாலைக் காய்ச்சிக் கொடுப்பது தொடக்கம் ஊர்ப்பாதையைத் திருத்துவிப்பது வரை அவர்களே கூடிப் பேசினர். அம்மாதிரியைப் பின்பற்றி 1930ஆம் ஆண்டிலே லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார்.

இச்சமித்தியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகின்றேன். கொழும்புச் சீமாட்டிகள் மோட்டார் வண்டியில் வந்து ஏழைகளுக்குத் துணி கொடுத்துவிட்டுப் போகும் சங்கமன்று அது. ஒவ்வோர் ஊரிலும் அவ்வூர்ப் பெண்களே உறுப்பினர். அவர்களே தலைவியையும் செயலாளரையும் பொருளாளரையும் தெரிந்தெடுத்தனர். வீட்டுத்தோட்டம், நெசவு, சமையல், குழந்தை வளர்ப்பு, கிணற்றுநீரைத் துப்புரவாக வைத்தல், மலகூடம் அமைத்தல் என்பன பேச்சுப் பொருள். கூட்டம் நடத்தும் முறையும் கணக்கெழுதும் முறையும் அங்கேயே பழகினர். எழுந்து நின்று பத்துப்பேர் முன்னே தன் கருத்தைச் சொல்லிப் பழகாத பெண்ணுக்கு, வாக்குச்சீட்டு வெறுங் காகிதம். அம்மையார் அக்காகிதத்துக்கு உயிர் கொடுக்க முயன்றார். 1950களின் இறுதியிலே சமித்திகள் ஆயிரத்துக்கு மேற்பட்டுப் பெருகியிருந்தன. 1941ஆம் ஆண்டிலே இச்சமித்தியிற் சேர்ந்து, ஊர் ஊராகப் போய்ப் பொதுப்பணி பழகிய இளம்பெண் ஒருவரை நாடு பின்னர் நன்றாக அறிந்துகொண்டது. அவரே 1960ஆம் ஆண்டிலே உலகின் முதற் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க அவர்கள்.

அரசாங்க சபையிலே பெண்கள் புகுந்துவிட்டனர். 1931ஆம் ஆண்டு இறுதியிலே அடலின் மொலமுறே அம்மையாரும், 1932ஆம் ஆண்டிலே கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து அம்மையாரும் இடைத்தேர்தல்களில் வென்றனர். கொழும்பு மாநகர சபையோ இன்னும் ஆடவர் சபையாகவே இருந்தது. விந்தையல்லவா? பெரிய சபையின் கதவு பெண்ணுக்குத் திறந்துவிட்டது. வீட்டு வாயிலிலிருந்து நூறு முழத்திலுள்ள வடிகாலைப் பற்றிப் பேசுகின்ற சபையிலே அவளைக் காணவில்லை.

1937ஆம் ஆண்டிலே பம்பலப்பிட்டி வட்டாரத்திலே மேரி இரத்தினம் அம்மையார் மாநகர சபைத் தேர்தலுக்கு நின்றார். வயது அறுபத்து நான்கு. ஓய்வுகொள்ள வேண்டிய வயதென்று நாம் கருதுவோம். நாற்பது ஆண்டுகளாக அந்நகரின் வீடுகளுக்குள்ளே சென்று பிள்ளைகளை உலகுக்கு எடுத்துக்கொடுத்த கை வாக்குக் கேட்டு வந்தபோது, பம்பலப்பிட்டி மறுக்கவில்லை. கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற்பெண் என்னும் பெருமை அவருக்கு உரியதாயிற்று. அதே ஆண்டிலே அச்சபையின் முதல் மேயராக வந்தவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து அவர்கள்; முன்னே கூறிய நேசம் அம்மையாரின் கணவர்.

ஆனால் அப்பதவி நீடிக்கவில்லை. சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டி அவருடைய தெரிவு செல்லாதெனப்பட்டது. உறுப்பினர் இருக்கையை அவர் இழந்தார். கனடாவிலே மணம் முடித்தால் வாக்கு இல்லை என்ற சட்டம். நியூயோர்க்கிலே மணம் முடித்தமையால் வேலை இல்லை என்ற கட்டளை. கொழும்பிலே வென்றும் ஆசனம் இல்லை என்ற தீர்ப்பு. ஒரே வாழ்வில் இந்த மூன்றையும் கண்டவர் வேறு யாரேனும் இருப்பின் அவர் சரித்திரத்தையும் எழுதத்தான் வேண்டும்.

அம்மையார் உறுப்பினரான அதே காலத்திலே, 1930களின் பிற்பகுதியில், ஊராட்சி வாக்கைப் பற்றிய இன்னொரு செய்கையும் நடந்தது. கிராமச் சங்கத் தேர்தல்களிலே தோட்டங்களில் வாழும் தொழிலாளர் வாக்களிக்க இயலாதபடி சட்டம் திருத்தப்பட்டது. டொனமூர்ப் பிரபுவின் கேள்விக்கு அக்னஸ் அம்மையார் விடையிறுத்துப் பத்தாண்டுதான் கழிந்திருந்தது. முதலிலே தம் ஊர்ச்சபை வாக்கிலிருந்து விலக்கப்பட்ட அம்மக்கள், 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களினாலே நாட்டின் பாராளுமன்ற வாக்கையும் இழந்தனர். கொடுக்கும்போது சிறுகதவு முதலிலே திறந்தது என்றேன். பறிக்கும்போதும் அதுவே முதலிலே மூடிற்று. ஊர்ச்சபைத் தேர்தலைச் சின்னத் தேர்தல் என்று நம்மவர் அலட்சியமாகப் பேசும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகின்றது.

ஆசனம் போனபின் அம்மையார் வீட்டுக்குள் ஒடுங்கவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசவே பலர் கூசிய காலத்தில் அதற்கென மருத்துவ நிலையம் தொடங்கினார். 1944ஆம் ஆண்டிலே அகில இலங்கை மகளிர் மாநாடு உருவாவதிலும் அவர் பங்கு பெரிது. 1958ஆம் ஆண்டிலே பொதுப்பணிக்கான மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. அப்பொழுது வயது எண்பத்தைந்து. 1962ஆம் ஆண்டிலே, மருமகளாக வந்து புகுந்த இந்நாட்டிலேயே, அவர் காலமானார். தம் சமித்தியிலே பழகிய பெண் நாட்டின் பிரதமரானதைக் கண்டுவிட்டே கண்மூடினார்.

எங்கள் கரையோரத்து முஸ்லிம் ஊர்களிலே இக்கதையைச் சொல்லும்போது இன்னொரு பெயரையும் சேர்த்துச் சொல்லுவது என் வழக்கமாகிவிட்டது. கேரளத்துத் தலசேரியிலே பிறந்து, இலங்கையர் ஒருவரை மணந்து இங்கு வந்து, கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராய் இருந்த ஆயிஷா ரவூப் அம்மையார் அவர். மேரி அம்மையார் இழந்த அதே மாநகர சபையிலே 1949ஆம் ஆண்டு தெரிவாகி, பின்னர்ப் பிரதி மேயராகவும் வந்தார். அவரும் மணம் முடித்துக் கடல் கடந்து வந்தவர். இரண்டு மருமக்கள் வந்து திறந்த கதவு அது என்று என்னோடு கற்பிக்கும் முஸ்லிம் ஆசிரியை ஒருவர் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னார். வேடிக்கையிலும் உண்மை இருந்தது.

அதன்பின் எண்பதாண்டு ஓடியும் உள்ளூராட்சிச் சபைகளிலே பெண்கள் நூற்றுக்கு இருவரளவே இருந்தனர் என்பதை எண்ணும்போது மனம் சோர்கின்றது. வாக்களிக்கும் வரிசையிற் பாதிக்கு மேல் பெண்கள். சபை மேசையைச் சுற்றியோ ஆடவர். 2016, 2017ஆம் ஆண்டுகளிற் சட்டம் திருத்தப்பட்டு நாலில் ஒரு பங்கு பெண்களுக்கென்று வகுக்கப்பட்டது. அதன்படி நிகழ்ந்த முதற்றேர்தலே யான் கல்முனைப் பக்கத்திற் கடமை பார்த்த 2018ஆம் ஆண்டுத் தேர்தல். அன்று கோடிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது யான் இதனை அறிந்திருந்தேன். அதன் பொருளை உணர்ந்திருக்கவில்லை.

நூல்களைப் படித்து முடித்தபின் ஆச்சியின் வீட்டுக்குப் போனேன். முற்றத்திலே பாய் விரித்து நெல் காயப் போட்டிருந்தார். கோழியைத் துரத்திக்கொண்டே முழுக்கதையையும் கேட்டார். கனடாவும் டொனமூரும் அவருக்கு அவ்வளவு சுவைக்கவில்லை. மாநகர சபை ஆசனம் பறிபோனதைக் கேட்டபோதும் தலையை மட்டும் அசைத்தார். தமிழனைக் கட்டினாள் என்பதற்காக வேலை கொடாமல் விட்டார்கள் என்ற இடத்திலேதான் அவருக்குக் கோபம் வந்தது. கையிலிருந்த தடியைக் கீழே போட்டுவிட்டு, உள்ளே படித்துக்கொண்டிருந்த பேத்தியைக் கூப்பிட்டார். அந்த இடத்தை மட்டும் இவளுக்கு இன்னொருமுறை சொல்லு தம்பி என்று என்னைப் பணித்துவிட்டு, எனக்குத் தேநீர் வைக்க அடுப்படிக்குப் போனார்.